பூனை சாப்பிட்டுவிட்டது

போன மாதம் நுவரெலியாவில் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அவள் வளர்க்கும் பூனையைப் பல்வலிக்காக மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் வந்திருந்தார்கள். வந்ததிலிருந்து அது கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு எதையும் தொடவில்லை. மகள் கைபேசியில் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள். சாப்பாட்டை இலேசாகச் சூடாக்கி வைக்க வேண்டுமாம். மூக்கைத் துடைத்துவிட வேண்டுமாம். மருந்தை அதன் சாப்பாட்டில் கலக்கக் கூடாதாம். அவள் வாசித்து முடிப்பதற்குள் நான் எழுந்துபோய் மீன் அவித்த தண்ணீரைச் சுடவைத்துவிட்டேன்.

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொல்வதென்றால் லயம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பனியில் பல் கிட்டப் பள்ளிக்கூடம் போய், இன்று முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்கள் கொண்ட எங்கள் லயம் மஸ்கெலியா அணைத்தண்ணீருக்கு மேலே இருந்தது. தண்ணீர் வற்றும் மாதங்களில் அணையில் மூழ்கிய பழைய கோயிலின் தலை தெரியும். மழைக்காலத்தில் தண்ணீரும் தெரியாது, எதிர் மலையும் தெரியாது, பக்கத்துக் காம்பராப் புகை மட்டும் தெரியும். ஒரே ஒரு காம்பராவில் நாங்கள் நாலு பேர். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா துரை பங்களாவின் பசுக்களைப் பார்த்துக்கொண்டார். அதனால் அவர் மேல் எப்போதும் புல் வாசமும் பால் வாசமும் இருக்கும். எனக்கு ஏழு வயது. அக்காவுக்குப் பதின்மூன்று.

தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். அக்காவை அனுப்பவில்லை. அவள் மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி, மத்தியானம் மலைக்கு அம்மாவுக்குச் சோறு கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று உடைந்திருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். அந்தக் கை வைக்கும் விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பூனை அவளுடையது. ஒருநாள் தேயிலைச் செடிக்கடியில் கத்திக்கொண்டிருந்த குட்டியை அம்மா கொழுந்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், முன்னங்கால் இரண்டும் வெள்ளை. லயத்தில் நாய்களுக்குப் பெயர் இருந்தது, பூனைகளுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. அக்கா நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் கொடுப்பாள். எங்கிருந்தாலும் வந்துவிடும். நான் எத்தனையோ முறை அதே சத்தத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். திரும்பிக்கூடப் பார்க்காது.

அந்த மழைக்காலத்தில் தொழிற்சாலைப் பக்கத்துக் கடுவன் பூனையோடு சண்டை போட்டுவிட்டு வந்தது. இரண்டு நாளில் தாடை ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. அம்மா மஞ்சள் பத்துப் போட்டார். வீக்கம் பெரிதானது, கிட்டப் போனாலே நாற்றமடித்தது. அந்த வாரம் பங்களாப் பசு ஒன்றுக்கு மருந்து வாங்க அப்பா டவுனில் இருக்கும் மாட்டு டாக்டரிடம் போக வேண்டியிருந்தது.

"அப்பா, பூனையையும் கொண்டுபோலாம்பா" என்றாள் அக்கா.

"மாட்டு டாக்டரு பூனைய பாப்பாராடி?"

"கேட்டுப் பாருங்கப்பா. நான் தூக்கிட்டு வாறேன். ஒங்களுக்கு ஒரு தொல்லையும் இருக்காது."

அப்பா சிரித்துக்கொண்டே சரி என்றார். எங்கள் அப்பா கெட்டவரில்லை. பிறகு நடந்ததைக் கேட்டு நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன். ஒரு பூனைக்காகப் பஸ்ஸில் பெட்டி தூக்கிப் போன அப்பாமார் அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இருக்கவில்லை.

டின்பால் வந்த அட்டைப் பெட்டியில் நாலு துளை போட்டு, அதில் பூனையை வைத்துக் கயிறு கட்டினோம். என்னையும் கூட்டிப்போனார்கள். பஸ் கிளம்பியதும் பூனை கத்தத் தொடங்கியது. மியாவ் என்றெல்லாம் இல்லை. ஆள் அழுவது போல, அடிவயிற்றிலிருந்து. வளைவுக்கு வளைவு கத்தியது. பஸ்ஸில் சிரித்தார்கள். கண்டக்டர் குனிந்து பெட்டியைப் பார்த்து, "என்னாங்க, புள்ளய பொட்டியில வச்சிருக்கீங்களா?" என்றான். பாதி வழியில் பெட்டியின் அடி நனைந்து அக்காவின் பாவாடையில் ஊறியது. அவள் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

டாக்டரின் முற்றத்தில் மாடுகள் கட்டியிருந்தன. ஏதோ பங்களாவிலிருந்து வந்த பெரிய நாய் ஒன்று சங்கிலியை இழுத்து இழுத்துக் குரைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் எதிரில்தான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. பெட்டிக்குள் சத்தம் நின்றுபோனதும் பழகிக்கொண்டது என்று அப்பா சொன்னார். பழகவில்லை, பயந்து விறைத்துப்போயிருந்தது.

டாக்டர் இளவயதுச் சிங்கள மாத்தயா. அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மாத்தயா, பூசாவுக்கு லெட" என்று, பூனைக்குச் சுகமில்லை எனச் சொல்லிக் கும்பிட்டார். அவர் முகம் சுளிக்கவில்லை. சாக்கைச் சுற்றிப் பூனையை மேசையில் அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். அப்பா பின்பக்கத்தைப் பிடித்தார், அக்கா தலைப்பக்கத்தை. கத்தி பட்டதும் சீழ் பீறிட்டது. பூனை ஒரு முன்னங்காலை விடுவித்துக்கொண்டு அக்காவின் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கீறியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுக்கவே இல்லை. கழுவி, ஊசி போட்டு, கசப்புத் தூள் ஆறு பொட்டலம் கொடுத்துவிட்டு, டாக்டர் தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"வீட்டுக்குப் போய் சாப்புடணும். சாப்புட்டா நல்லம். சாப்புடாட்டி…" என்று கையை விரித்தார்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரும்வரை ஒரு புடவைக் கடையின் முன்னால் ஒதுங்கினோம். கடை முதலாளியின் மனைவி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலாளி அம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்பா தீபாவளித் துணி எடுக்கும் கடை அது. அவர் அக்காவின் கையில் இருந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அப்பா நடந்ததைப் பெருமையாகச் சொன்னார், கையைக் கிழித்தும் பிடியை விடவில்லை என்று.

அந்த அம்மா அக்காவை உள்ளே கூப்பிட்டுக் காயத்தில் மருந்து போட்டுவிட்டார். தாடையைத் தூக்கி முகத்தைப் பார்த்தார்.

"ஒரு பூனைய இப்படிப் பாக்குற புள்ள, ஒரு கொழந்தய எப்படிப் பாக்கும்!" என்றார் அப்பாவிடம். "கொழும்புல என் தங்கச்சிக்கு இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு. நம்பிக்கையான ஆள் இல்லாம தவிக்கிறா. இவள அனுப்பேன். சொந்தப் புள்ள மாதிரி வச்சிக்குவா. மூணு வேளையும் சோறு, நல்ல துணி. லயத்துல கெடந்து இவ என்ன செய்யப் போறா, சொல்லு?"

அப்பா அந்த அம்மாவை விட வயதில் மூத்தவர். நின்றுகொண்டே, "நீங்க சொன்னா சரிதாங்கம்மா" என்றார்.

அவ்வளவுதான். மழை விடுவதற்குள் முடிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் கொழும்புக்குப் போகிறார், அவரோடு அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு டொபி கொடுத்தார்கள். டொபி இனிப்பாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பஸ்ஸில் அக்கா பெட்டித் துளையில் விரலை விட்டபடி வந்தாள். பூனை கத்தவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் அது பாய்ந்து அடுப்படியில் அடுக்கியிருந்த மிலாறுக் கட்டுக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டது. விறகுக்காக வெட்டிக்கொண்டுவந்த தேயிலைக் குச்சிகள், சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடம். அங்கிருந்து இரண்டு கண் மட்டும் தெரிந்தது.

அப்பா டவுனில் வாங்கிவந்த டின்மீனில் இரண்டு துண்டு எடுத்து, டாக்டர் கொடுத்த தூளை அதில் பிசைந்து உள்ளே தள்ளினார். பூனை முகர்ந்தது, ஒரு வாய் வைத்தது. வாயெல்லாம் நுரை தள்ளி, தலையை உதறிக்கொண்டு பின்னுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மீன் வாசமே அதற்கு ஆகவில்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார்.

அன்றைக்கு அம்மா வந்ததும் கொழும்பு விசயத்தை அப்பா சொன்னார். அம்மா மலையில் நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து மடித்துக்கொண்டே கேட்டார். "எத்தன நாளைக்கி?" என்று மட்டும் கேட்டார். அப்பாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அப்போதுதான் அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "பூன சாப்புட்டப் பெறகு போறேம்பா."

அப்பா அவளைப் பார்த்தார். "சரி புள்ள. அதுக்கென்ன, ரெண்டு நாள்ல சாப்புட்டுரும். அது சாப்புடட்டும், அப்பறம் போ."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றவும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பூனை சாப்பிட்டிருக்கவில்லை. கடைக்காரர் தனியாகத்தான் போனார். அடுத்த தடவைக்கு என்று அப்பா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.

அந்த நாட்களில் அக்கா பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் எல்லோரையும் அடுப்படியை விட்டு விலக்கினாள். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க வந்தால் விரட்டினாள். தான் போர்த்தும் கம்பளியின் ஒரு மூலையைக் கிழித்து மிலாறுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். பிறகு வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கையை நீட்டி, அதன் மூக்கில் காய்ந்து ஒட்டியிருந்ததை ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தாள்.

"மூக்கடச்சிருந்தா அதுக்கு வாசம் தெரியாது பாப்பா. வாசம் தெரியாட்டி அதுக்குச் சோறும் மண்ணும் ஒன்னுதான்."

இது அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்ததோ தெரியாது. யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவள் எந்நேரமும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அதனால் தெரிந்துகொண்டாள்.

தூளைத் தண்ணீரில் கரைத்து, சோற்றோடு சேர்க்காமல், துணியில் தொட்டு வாயோரத்தில் பிழிந்தாள். ஒவ்வொரு தடவையும் கீறல் வாங்கினாள். மீன் ஆகாது என்றானபின் தோட்டத்துக் கடை நானாவிடம் கேட்டுக் கோழி ஈரல் சின்னத் துண்டு வாங்கிவந்து அவித்தாள். அவித்த தண்ணீரை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பாள். சுட்டால் ஆறவிடுவாள், ஆறினால் திரும்பச் சுடவைப்பாள். விரல் நுனியில் தொட்டு அதன் உதட்டில் தடவிவிட்டு, அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். என்னையும் திருப்பி உட்காரவைப்பாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஏதாவது சத்தம் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்போம். மழைச் சத்தம்தான் கேட்கும்.

நாலாம் நாள் அது உதட்டில் தடவியதை நக்கியது. அக்கா என் தொடையை அழுத்திப் பிடித்தாள். அந்த அழுத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் அவ்வளவோடு சரி, தட்டில் வைத்ததைத் தொடவில்லை. வேலையிலிருந்து வந்ததும் அப்பா தினமும் கேட்பார்: "சாப்புட்டுச்சா?"

"இன்னும் இல்லப்பா."

ஒரு வாரம் போனது. மேலும் இரண்டு மூன்று நாள் போனது. முதலாளி அம்மாவிடமிருந்து ஆள் வந்து கேட்டுப் போனார். அப்பா பூனை கதையைச் சொல்ல வெட்கப்பட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு இதில் எதுவும் ஒன்றோடொன்று சேர்ந்ததாகத் தெரியவில்லை. அக்கா கொழும்புக்குப் போவது ஒரு விசயம், பூனை சாப்பிடாதது இன்னொரு விசயம். ஏழு வயதில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம், அக்கா ஒருதடவை என்னைப் பார்த்து "நீ கெட்டிக்காரி" என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அக்கா பீலிக்குப் போயிருந்தாள். அடுப்பில் ஈரல் தண்ணீர் இருந்தது. அவள் செய்வது போலவே உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். தட்டில் கொஞ்சம் சோற்றைக் குழைத்து, ஈரலைப் பிய்த்துப் போட்டு, மிலாறுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

சத்தம் கேட்டது. சளப் சளப் என்று.

திரும்பிப் பார்த்தேன். பூனை வெளியே வந்து, முன்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பயமில்லை, தயக்கமில்லை. தட்டை வழித்து நக்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்பது போல என்னைப் பார்த்தது. வாழ்நாளில் அது என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் வெளியே ஓடினேன். லயத்து வாசலில் நின்று, எனக்கு இருந்த குரல் அத்தனையையும் போட்டுக் கத்தினேன்.

"எங்க பூன சாப்புட்டுருச்சி! எங்க பூன சாப்புட்டுருச்சி!"

கொழுந்து எடை போட்டுவிட்டு வேலையாட்கள் வரும் நேரம் அது. எல்லோருக்கும் கேட்டது. மேல் பாதையில் பால்வாளியோடு வந்துகொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்டது. நான் கத்திக்கொண்டே பீலிக்கு ஓடினேன். அக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் வச்சேன், சாப்புட்டுருச்சி!"

அவள் என்னைப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

"நல்லா சாப்புட்டுச்சா?" என்றாள்.

"ஒரு பருக்க மிச்சம் வைக்கல அக்கா!"

"சரி" என்றாள். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். "பாத்தியா, ஊசி வேலய காட்டிருச்சி" என்று எல்லோரிடமும் சொன்னார். உண்மையாகவே சந்தோசப்பட்டார். அம்மா வந்து கூடையை இறக்கி வைத்தார். என்னருகில் வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"ஒன்ன யாருடி போய் வைக்கச் சொன்னா?"

ஏன் அடித்தார் என்று எனக்குப் புரியவில்லை. அநியாயம் என்று அழுதேன். அக்காதான் வந்து என் கண்ணைத் துடைத்தாள். "நீ கெட்டிக்காரிதான்" என்று சொன்னாள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவள் போனாள். அன்று காலை காம்பரா நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து புத்தி சொன்னார்கள், விபூதி பூசினார்கள். அக்கா அடுப்படியில் மண்டியிட்டு, சூடான சோற்றை உள்ளே வைத்து, நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். இத்தனை பேர் நின்றால் அது எப்படி வரும்? வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"பஸ் போயிரும் புள்ள" என்றார் அப்பா.

அவள் எழுந்தாள். என்னிடம் குனிந்து, "ஆறிப்போனா குடுக்காத பாப்பா" என்றாள். ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் பாதையில் ஏறினாள். பனி இறங்கியிருந்தது. பத்து எட்டுக்கு மேல் தெரியவில்லை.

மத்தியானம் வீடு அமைதியானதும் பூனை வந்தது. வைத்த சோறு முழுவதையும் சாப்பிட்டது. அன்றிலிருந்து நன்றாகச் சாப்பிட்டது, கொழுத்தது. அவளைத் தேடி ஒருநாளும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குச் சோறு வைப்பதை நான் விட்டுவிட்டேன். அம்மாதான் வைத்தார்.

கொழும்பிலிருந்து அந்த வீட்டம்மாவின் கையெழுத்தில் கடிதம் வரும். உங்கள் மகள் நலம், நன்றாக வேலை பழகுகிறாள். பள்ளிக்கூட வாத்தியார்தான் அப்பாவுக்காகப் பதில் எழுதுவார். நாங்கள் நலம், சொல்பேச்சுக் கேட்டு நட. ஒருதடவை அவர் என்னிடம் பேனாவை நீட்டி, "ஒனக்குத்தான் எழுதத் தெரியுமே, ஒரு வரி எழுது" என்றார். நான் எழுதினேன்: அக்கா, வரும்போது எனக்குச் சிவப்பு ரிப்பன் கொண்டு வா.

மூன்று வருசத்துக்கு மேலாயிற்று அவள் வர. அந்தக் குடும்பம் வெளிநாட்டுக்குப் போனதால்தான் விட்டார்கள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். விரல் இடுக்கெல்லாம் துணி துவைத்த சவுக்காரத்தில் வெடித்திருந்தது. வந்தவள் அடுப்படிக்குப் போய் மிலாறுக் கட்டை ஒருதடவை பார்த்தாள். அந்தப் பூனை அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் தேயிலைக்குள் போனது திரும்பி வரவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தோம். சோறு போட்டால் பின்கதவருகில் நின்றுகொண்டே அவசரமாகச் சாப்பிட்டு, உடனே தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "உக்காந்து சாப்புடு ஆத்தா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் உட்காரப் பல மாதம் பிடித்தது.

வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை மட்டும் நான் பிறகு பார்க்கவில்லை.

அம்மா என்னை அறைந்ததற்குக் காரணத்தை எனக்குக் கல்யாணமான பிறகுதான் சொன்னார். "அது நாலு நாளா சாப்புட்டுக்கிட்டுதான் இருந்துச்சி. மிலாறுக்குப் பின்னால செரட்டைல வச்சி, நக்கின பெறகு கழுவி ஒளிச்சி வைப்பா. நான் பாத்துட்டேன். அவகிட்டயும் கேட்டுக்கல, ஒங்கப்பாகிட்டயும் சொல்லல. இப்படியே போகட்டும்னு இருந்தேன்."

"நீங்க போக வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொல்லலாம்னே அப்ப தெரியல" என்றார் அம்மா.

அக்காவைப் பொல்பிட்டியவில் கட்டிக்கொடுத்தோம். அவள் கணவர் மின்சார நிலையத்தில் காவல் வேலை பார்த்தவர், அமைதியான மனிதர். பிள்ளைகள் பிறந்தார்கள். கொழும்பைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் வயிற்றில் கட்டி என்று வைத்தியசாலையில் பார்த்து, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் பார்க்கப் போனேன். அதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கி நான் கத்தாம இருந்திருந்தா நீ போயிருக்க மாட்ட இல்ல?"

"என்னிக்கி?"

"பூன சாப்புட்டுருச்சின்னு லயமே கேக்குற மாதிரி கத்துனேனே."

அவள் யோசித்தாள். "எனக்கு அப்படி ஒன்னும் ஞாபகம் இல்ல பாப்பா" என்றாள். பொய் சொல்லவில்லை, அவள் முகம் எனக்குத் தெரியும். "நான் போன அன்னிக்கி காலைல வச்சத அது தொடல. அதுதான் ஞாபகம். அங்க அந்தக் கொழந்தைக்கிச் சோறு ஊட்டுறப்பல்லாம் அதுதான் வரும். நான் விட்டுட்டு வந்ததால திரும்பவும் சாப்புடாம கெடந்து செத்துருக்கும்னு."

"செத்துருச்சின்னு யாருக்கா சொன்னா?"

"யாரும் சொல்லல. வந்து பாத்தேன், இல்ல. கேக்குறதுக்குப் பயமா இருந்திச்சி."

ஒரு வரி எழுதக் கொடுத்த பேனாவில் நான் ரிப்பன் கேட்டிருந்தேன்.

"அக்கா, அன்னிக்கி மத்தியானமே சாப்புட்டுருச்சிக்கா."

"மத்தியானமா?"

"நீ வச்சத முழுசா. அதுக்கப்பறம் மூணு வருசம் இருந்திச்சி. ரெண்டு தடவ குட்டி போட்டுச்சி."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணோரத்தில் வழிந்ததை நான் துடைக்கப் போனபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"குட்டி என்னா கலரு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. அந்த வருசங்களில் நான் அந்தப் பூனையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. குட்டிகளை அம்மா ஒரு சாக்கு விரித்து அதன்மேல் வைத்திருந்தார், நான் கிட்டப் போகவில்லை.

"ரெண்டு சாம்பலு. ஒன்னு முழு வெள்ள" என்றேன்.

"முழு வெள்ளயா!"

"ஆமாக்கா. அது ஒன்னுதான் பொல்லாதது. அம்மாவோட கொழுந்துக் கூடைக்குள்ளயே போய்ப் படுத்துக்கும்."

அவள் கண்களை மூடிக்கொண்டு, "சொல்லு" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அந்தக் குட்டிகளைப் பற்றி ஒவ்வொன்றாக இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.